பஸ் படி ஏறினால் மேம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரே டிபார்ட்மென்டில் பல வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஒரே காலேஜ் பஸ்ஸில் ஒரே சீட்டில் போய் வந்தவர்கள். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் அவருக்கு மேம், அவர் எனக்கு மேம். இப்போது பெயரைச் சொன்னால் வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் இன்ஜினியரிங் கல்லூரி. அங்கே ஒரு எழுதாத சட்டம் உண்டு. பாடம் நடத்துகிறவர் சார் அல்லது மேம். லேபில் வயரும் மீட்டரும் எடுத்துக் கொடுக்கிறவர் அண்ணா. கேன்டீனில் தோசை ஊற்றுகிறவரும் வராந்தா பெருக்குகிறவரும் அக்கா. மெக்கானிக்கலில் ஒரு சாரும் சிவிலில் ஒரு மேமும் கணவன் மனைவி. எதிரெதிரே வந்தால் "சாப்டீங்களா சார்", "ஆச்சு மேம்" என்று விசாரித்துக்கொண்டு போவார்கள். காலையில் அந்த சாருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்ததே அந்த மேம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், கமிட்டிக்கு ஃபைல், அந்த ஃபைலுக்கு இன்னொரு ஃபைல் என்று வருஷம் முழுக்க ஓடுகிறவளுக்குச் சிரிக்கத் தெம்பு எங்கே இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தை அவர் அளவுக்குப் பிடித்துத் தொங்கியவர்கள் யாரும் கிடையாது. முதல் வருஷப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பழக்கத்தில் "மிஸ்" என்று வாய் திறந்தால், "மிஸ் எல்லாம் ப்ளஸ் டூவோட முடிஞ்சுது. இங்க மேம்" என்பார். கோபமாக இல்லை, வாசலில் செருப்பை விடச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார். வாட்ஸப்பில் "ஹாய்" என்று ஆரம்பிக்கிற செய்தியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். குட் மார்னிங் மேம், நான் இன்னார், இந்த வகுப்பு என்று முறையாக வந்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் பதில் போய்விடும்.

வாங்குகிற மரியாதையைத் திருப்பிக் கொடுக்கவும் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் பிள்ளைகளை வாடா போடா என்போம், பாசமாகவும் சொல்வோம், எரிச்சலிலும் சொல்வோம். அவர் வாயிலிருந்து டா, டி வந்ததில்லை. மூட்டை மூட்டையாக அரியர் வைத்திருக்கிற பையனிடம்கூட "உக்காருங்க, என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க" என்பார். அப்படி ஒருத்தன் ஸ்டாஃப் ரூம் வாசலில் என்னை மடக்கி, "மேம், அவங்க நெஜமாவே மரியாத குடுக்கறாங்களா, இல்ல கலாய்ச்சிகினு கீறாங்களா மேம்?" என்று கேட்டான். பாவம், அவனுக்கு யாரும் அதுவரை "ங்க" போட்டதில்லை.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஒரு தரம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் மாணவன் ஒருத்தன் அவன் அம்மாவோடு வந்தவன், மேமைப் பார்த்து "ஹலோ ஆன்ட்டி" என்றான். காலேஜுக்கு வெளியே அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்துவிட்டான் போல. இவர் கத்தரிக்காயைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு, "எங்க பாத்தாலும் நான் மேம்தாம்பா" என்றார். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பி நடக்கும்போது, இதெல்லாம் கொஞ்சம் ஓவர் மேம் என்று நான் கடிந்துகொண்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

பதில் அந்த வருஷம் கோடையில் கிடைத்தது. ஏப்ரல் மாசம் ஆனால் எங்களைப் போன்ற கல்லூரிகளில் வாத்தியார்கள் பிள்ளை பிடிக்கப் போக வேண்டும். ப்ளஸ் டூ எழுதிய பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பார்த்து, நோட்டீஸும் சிரிப்புமாகப் படியேற வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீர் கொடுக்கிறவர்களும் உண்டு, கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. அந்த முறை எங்களுக்கு அச்சரப்பாக்கம் பக்கம் விழுந்தது. அது அவர் பிறந்த பகுதி என்றே எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கழனி ஓரமாக நடக்கும்போது நின்றார். நிழல்கூட இல்லாத இடம்.

"இந்தக் கழனியிலதான் மேம் எங்கம்மா நாத்து நட்டாங்க" என்றார். வகுப்பில் பேசுகிற தமிழ் அவரிடமிருந்து கழன்றுகொண்டது. "ஆண்டை வூட்டுல ஒரு சின்னப் பையன். மூக்கு ஒழுகினு இருக்கும். எங்கம்மாவ பேர் சொல்லி 'இன்னாடி'ம்பான். எங்கம்மா 'சொல்லு சின்னய்யா'ம்பாங்க. நான் பக்கத்துல நின்னுகினு பாத்துகினு இருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். நோட்டீஸை விசிறிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அதற்கப்புறம் அவருடைய மேம் பைத்தியத்தை நான் கிண்டல் செய்ததில்லை. என் அப்பா அரசாங்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர். மரியாதை எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வந்தது. மேம் குடம் தூக்கிக்கொண்டு போய் எடுத்து வந்தவர். ஒரு சொட்டு சிந்தினால் அவருக்குத்தானே தெரியும்.

இப்படிப்பட்டவர் தன் மகளை அதே கல்லூரியில், அதே டிபார்ட்மென்டில் சேர்த்தார். பவித்ரா. ஒரே பிள்ளை. அவருடைய கணவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், அமைதியான மனிதர். ஸ்டாஃப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று கல்லூரி சலுகை கொடுத்தது. அதை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்க அவர்களுக்கு வசதியும் இல்லை.

முதல் நாள் பஸ் ஸ்டாப்பில் நானும் நின்றேன். பவித்ரா புதுச் சுடிதாரில் பளிச்சென்று இருந்தாள். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, கேன்டீனில் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் தெரிந்ததும் இவர் தோளை விலக்கிக்கொண்டார்.

"நல்லா கேட்டுக்கோ. பஸ் படி ஏறினா நான் மேம். சாயங்காலம் நம்ம வீட்டு கேட்டுக்குள்ள போன அப்புறம் அம்மா. நடுவுல எங்கயும் மாறக் கூடாது."

"எஸ் மேம்" என்று பவித்ரா சல்யூட் அடித்தாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். டிரைவர் அண்ணாவுக்கு விஷயம் தெரியாது. "இன்னா மேம், பாப்பாவும் நம்ம பஸ்ஸா? முன்னாடி குந்து பாப்பா" என்றார். "பாப்பா இல்லண்ணா, ஸ்டூடன்ட். பின்னாடி கேர்ள்ஸோட உக்காரட்டும்" என்றார் இவர். பவித்ரா பின்னால் போய் உட்கார்ந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின வருஷம் வேறொரு டிபார்ட்மென்ட் சாரின் மகனுக்கு இன்டர்னலில் மார்க் அள்ளிப் போட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, விசாரணை வரைக்கும் போயிற்று. உண்மையோ பொய்யோ, அந்த மனிதர் அதற்கப்புறம் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. "ஒரு வார்த்தை வந்துடக் கூடாது மேம்" என்பார் இவர். தினம் ஒரு தடவையாவது சொல்வார். "மத்தவங்களுக்கு நாலு வார்த்தை வந்தாலும் தொடச்சிப் போட்டுட்டு போவாங்க. எங்கள மாதிரி வந்தவங்களுக்கு ஒண்ணு போதும்."

முதல் வருஷம் அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. ஒரே குக்கரில் வைத்த சாம்பார் சாதத்தை ஒருத்தி ஸ்டாஃப் ரூமிலும் ஒருத்தி வகுப்பிலும் சாப்பிட்டார்கள். வழியில் பார்த்தால் பவித்ரா வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகக் குனிந்து "குட் மார்னிங் மேம்" என்பாள். இவர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி நடிக்கிறா பாத்தீங்களா" என்று பூரிப்பார். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் வருஷம் அவரே அவர்கள் வகுப்புக்குப் பாடம் எடுக்க வந்தார். நான் அந்த வகுப்புக்குப் பொறுப்பு. ஒரு நாள் அவர் பாடம் நடத்தும்போது பவித்ரா எழுந்து, தலை சுற்றுகிறது மேம் என்றிருக்கிறாள். வேறு எந்தப் பிள்ளைக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொல்லியிருக்கிறார். கிளாஸ் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு சிக் ரூமுக்குப் போங்க. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கை ஜில்லிட்டிருந்தது. படுக்க வைத்துக் குளுகோஸ் கரைத்துக் கொடுத்தேன். அம்மாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேம். மேமுக்கு இந்த ஹவர் கிளாஸ் இருக்கு."

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் இதைச் சொன்னேன். அவர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ பெருமை. "அவ்ளோ தலை சுத்துலயும் மறக்கல பாருங்க" என்றார். ஐயோ இந்த மனுஷிக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த செமஸ்டர் மார்க் போடும்போது நாங்கள் சண்டையே போட்டோம். பாஸுக்கு ஒன்றிரண்டு குறைகிற பிள்ளைகளை எங்காவது பார்த்துத் தூக்கி விடுவது எல்லா வாத்தியாரும் செய்வதுதான். அவரும் அந்த வகுப்பில் அப்படி நாலைந்து பேரைக் கரையேற்றினார். அதே இடத்தில் நின்ற பவித்ராவை மட்டும் ஃபெயில் என்று போட்டார். நான் பேனாவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டேன். எல்லாருக்கும் போட்டுவிட்டு ஒருத்திக்கு மட்டும் போடாமல் விட்டால் அது மட்டும் நியாயமா என்று கேட்டேன்.

"அவ என் பொண்ணாச்சே மேம்" என்றார்.

அந்தக் கட்டடத்துக்குள் அவர் அவளை என் பொண்ணு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு ஃபெயிலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார். "நேத்து வீட்ல ரசம் ஊத்தறேன், 'போதும் மேம்'ங்கறா. எங்க வீட்டுக்காரருக்குச் சிரிச்சி சிரிச்சி பொரை ஏறிடுச்சி." நானும் சிரித்தேன். பிறகு அந்த மாதிரிக் கதை இன்னொன்று வந்தது. அப்புறம் ஒன்று. மூன்றாம் வருஷம் தொடங்கும்போது அவர் அந்தக் கதைகளைச் சொல்வதை நிறுத்திவிட்டார். நின்றுபோய்விட்டதா என்று ஒரு நாள் கேட்டேன். "எது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸில் தூங்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்த வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட். இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலையில் சிறுசேரியில் ஒரு கம்பெனி, சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரை. கம்பெனியில் ஒரு சின்னப் பெண் எங்களைச் சுற்றிக் காட்டினாள். இங்கே சார், மேம் எல்லாம் கிடையாது, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அப்போதுதான் எல்லாரும் சமம் என்று சொன்னாள். பிள்ளைகள் "ஓ" என்று கூச்சல் போட்டார்கள். இவர் என் காதருகே வந்து, "பேர் சொல்லிக் கூப்பிட்டா வேலைய விட்டு எடுக்க மாட்டாங்களாமா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

கடற்கரையில் நாங்கள் மூன்று மேம்கள் இருந்தோம். வந்ததிலிருந்து பிள்ளைகள் மேம் மேம் என்று பிய்த்து எடுத்தார்கள். மேம் போட்டோ எடுங்க, மேம் தண்ணியில இறங்கலாமா, மேம் இவன் செருப்பைத் தூக்கிப் போட்டுட்டான். கோயிலைத் தாண்டிக் கரையோரம் கொட்டியிருந்த பாறைகள் மேல் ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தோம். சொன்னால் யார் கேட்கிறார்கள். இவர் கொஞ்சம் தள்ளி நின்று, பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பவித்ரா பாசியில் வழுக்கி விழுந்தது எனக்குத் தெரிந்தது. கால் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டது. நம் ஊரில் சுண்டு விரல் கதவில் நசுங்கினாலே பல் போன கிழவருக்கும் "அம்மா" என்றுதான் வாயில் வரும். அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவளுக்கு அது வரவில்லை. "மேம்" என்றாள். பிறகு இன்னும் சத்தமாக, "மேம், மேம்."

இவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம்பா, எண்ணிட்டு வந்துடறேன்" என்றார்.

"மேம், உங்க பொண்ணு" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதுதான் ஓடி வந்தார். புடவை நனைந்து, முட்டி சிராய்த்து, பாறை மேல் தவழ்ந்து போனார். மீனவர் இரண்டு பேர் வந்து கல்லை நெம்பிக் காலை எடுத்தார்கள். கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

செங்கல்பட்டில் ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இவர் வழி முழுக்க அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், ஆனால் பஸ்ஸில் பிள்ளைகள் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. காலை நேராக்கும்போது டாக்டர், வலித்தால் கத்தும்மா, பரவாயில்லை என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்குது மேம், வலிக்குது மேம்" என்று முனகினாள். இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாவுக்கட்டு போட்டு முடிந்ததும் நர்ஸ் இவரைப் பார்த்து, "இந்தப் பொண்ணோட அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா மேடம்? இன்னும் வரலியே" என்றாள்.

கட்டிலில் இருந்து பவித்ராதான் சொன்னாள்.

"மேம்தான் சிஸ்டர் எங்க அம்மா."

அவள் குத்திக் காட்டவில்லை. சாதாரணமாக, உதவியாகத்தான் சொன்னாள். இவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அவ குரலே எனக்குத் தெரியல மேம். நூறு புள்ளைங்க குரல் மாதிரி இருந்துச்சி" என்று அழுதார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் எனக்கும் கால் விட்டுப்போயிருந்தது.

கட்டு பிரித்து அவள் மறுபடி கல்லூரிக்கு வந்த அன்று, பஸ் ஸ்டாப்பில் என் எதிரிலேயே மகளிடம் கேட்டுக்கொண்டார். இனிமேல் எங்கே வேண்டுமானாலும் அம்மா என்றே கூப்பிடு, யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பவித்ரா வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். "எல்லாரும் இருக்காங்க மேம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த செமஸ்டர் முடிவில் அவர் ராஜினாமா கொடுத்தார். முட்டி வலி என்று காரணம் சொன்னார். நான் பஸ்ஸில் அவரைப் பிடித்து உலுக்கினேன். இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் இருக்கிறது, சலுகை போய்விடும், முழுக் கட்டணம் கட்ட வேண்டும், இத்தனை பாடுபட்டு வாங்கிய வேலை, எதற்காக என்று கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு ஊர்ல ஒரு மரியாதையும் இல்ல மேம். வூட்டுக்கு வந்தா அம்மான்னு கூப்பிட நாங்க மூணு பேர் இருந்தோம்" என்றார்.

கடைசி வருஷம் முழுக்க அவர் மகளை வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். கையில் பை கிடையாது, கழுத்தில் ஐடி கார்டு கிடையாது. பஸ் நின்றதும் ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து "குட் மார்னிங் மேம்" என்று கத்துவார்கள். அவர் எல்லாருக்கும் கை காட்டுவார். பவித்ரா படி ஏறும்போது "வரேன்" என்பாள். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒன்றும் வராது. அவர் பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்றுகொண்டிருப்பார்.

பவித்ரா இப்போது என் பக்கத்தில், அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். வீட்டிலாவது அம்மா என்று கூப்பிடுகிறாயா இல்லையா என்று. அவளுக்குக் கோபம் வரவில்லை. மடியில் இருந்த டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தி மூடினாள்.

"வருது மேம்" என்றாள். "கொஞ்சம் லேட்டா வருது."